லெப்பானியின் திங்கட்கிழமைக் காய்ச்சல்

சுண்டுவிரலை நாக்கில் நனைத்து, வாசல் கைப்பிடியின் இரும்புக் குழாய் மேல் ஓர் இழுப்பு இழுத்து, விரலை மறுபடி நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார் லெப்பானி.

"உப்பு இருக்கு சிஸ்டர். இன்னொரு வாளி நல்ல தண்ணி ஊத்தணும்."

"இரும்பை நக்காதீங்கண்ணே. எத்தனை தடவை சொல்றது? வர்றவங்க எல்லாம் அந்தக் கைப்பிடியைத்தான் பிடிக்கிறாங்க. சளி, இருமல், சிரங்கு, ஒண்ணு பாக்கி இல்ல."

"அதான் சுண்டுவிரலு. சிரங்குக்காரன் எவன் சுண்டுவிரலால பிடிக்கிறான்?"

வாளியை எடுத்துக் கொடுத்தேன்.

வைலோமா சுகாதார நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவே நாற்பது தப்படி மணல்தான். நான் இங்கே நர்ஸாக வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. என் கத்தரிக்கோல், அலமாரிக் கீல், கதவுத் தாழ்ப்பாள் என்று எல்லாவற்றையும் உப்புக்காற்று வருடத்துக்கு ஒருமுறை தின்று தீர்த்துவிடும். வாசல் சரிவின் இரண்டு பக்கமும் ஓடுகிற கைப்பிடி மட்டும், லெப்பானி பற்றவைத்துக் கொடுத்து ஏழு வருடமாகியும் அசையாமல் நிற்கிறது. பிரசவத்துக்கு வருகிற பெண்கள் இடுப்பிலிருந்து கையை எடுத்து அதைத்தான் பிடிப்பார்கள். முழங்கால் வலி வந்த பிறகு நானும் காலையில் அதைப் பிடித்துத்தான் ஏறுகிறேன். பிடிக்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொள்வேன். வாய்விட்டுச் சொன்னால் அவருக்கு ஆகாது. "ஆமா, பெரிய பாலம் கட்டிட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒவ்வொரு வருடமும் புயல் மாதம் பிறக்கும் முன்னால், யாரும் கூப்பிடாமலே ஒரு நாள் வந்து நிற்பார். கையில் கம்பி பிரஷ், ஒரு டின் ஜிங்க் பெயின்ட், இரண்டு பழைய சட்டைத்துணி. ஒவ்வொரு ஒட்டாகக் குனிந்து பார்ப்பார். எங்காவது கடுகளவு பழுப்பு தெரிந்தால் போதும், குழந்தைக்குக் காயம் பட்டதுபோல உச்சுக் கொட்டுவார். பளபளவென்று வெள்ளையாகும் வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, உப்பு போய்விட்டதா என்று அந்த அசிங்கமான ருசிப் பரிசோதனையைச் செய்து, துடைத்துக் காயவைத்து, அப்புறம்தான் டின்னைத் திறப்பார். திறந்ததும் பூசுவார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். பத்து நிமிடம் குச்சியால் கலக்கிக்கொண்டே இருப்பார்.

"மேல மிதக்கிறது வெறும் தண்ணி சிஸ்டர். ஜிங்க் பூரா அடியில கனமாப் படுத்துக் கிடக்கும். அதை எழுப்பணும். எழுப்பாம பூசுறவன் தண்ணியத்தான் பூசிட்டுப் போறான்."

அவருடைய தொழில் சித்தாந்தம் ஒன்று உண்டு. அதைக் கேட்காதவர் இந்த விரிகுடாவில் யாரும் இல்லை. "ஜி.ஐ. பைப்புக்கு மேல ஜிங்க் சட்டை போட்டு அனுப்புறாங்க. நாம ஒட்டுற இடத்துல அந்தச் சட்டை எரிஞ்சு போயிடுது. இரும்பு அம்மணமா நிக்கும். திரும்பச் சட்டை போட்டுவிடாம வீட்டுக்குப் போறவன் வெல்டர் இல்ல, திருடன்." சட்டை என்றால் இரண்டு பூச்சு. ஒட்டின இடத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலம் நல்ல பூச்சின் மேலும் ஏறியிருக்க வேண்டும். அதுவும் அன்றைக்கே; மறுநாள் காலை என்று தள்ளிப்போட்டால் ராத்திரிப் பனியிலேயே துரு படர்ந்துவிடும். டவுனில் விற்கிற வெள்ளி நிற ஸ்பிரேயை யாராவது கொண்டுவந்து நீட்டினால், "இது பவுடர். போட்டோ எடுக்கிறதா இருந்தா அடிச்சுக்கங்க" என்பார்.

கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குப் பின்னால் அவருடைய பட்டறை. அதற்கு இரண்டு சுவர்தான். முன்பு நான்கு இருந்தன. மற்ற இரண்டையும் அவரே பிடுங்கி எறிந்தார். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். முன் தூணில் ஒரு பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டியிருப்பார். காலையில் வந்ததும் அது பறக்கிற திசையைப் பார்த்துதான் மேசையை இழுத்துப் போடுவார். காற்று அவருக்குக் கன்னத்தில் அடிக்க வேண்டும். எதிரே அடித்தால் புகை முகத்துக்கு வருமே, புரிகிறது. முதுகில் அடித்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுதான் மோசம். முதுகுல அடிக்கிற காத்து நம்ம ஒடம்பைச் சுத்தி வந்து மூஞ்சிக்கு நேரா நிக்கும். புகையையும் கூட்டிட்டு வந்து நிக்கும். ஊர்ல பின்னால பேசுறவங்கள மாதிரிதான்."

பற்றவைக்கும் முன்னால் ஒட்டு வரும் இடத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஜிங்க் பூச்சைச் சாணைபிடித்து எடுத்துவிடுவார். அந்த வேலைக்கே முகமூடி போட்டுக்கொள்வார். கர்சீப் கட்டிக்கொள்கிற ஜாதி இல்லை; இரண்டு பக்கமும் சிவப்பு வட்டத் தட்டு வைத்த ரப்பர் முகமூடி. அது முகத்தில் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும் என்பதற்காகத் தினமும் மழமழவென்று சவரம். நெஞ்சு வரைக்கும் தாடி வைத்திருந்த மனிதர் அவர், அந்தத் தாடியைப் பார்த்துத்தான் கெலேரா அவரைக் கல்யாணம் செய்துகொண்டதாக ஒரு பேச்சு உண்டு.

சைரூசி இதை விடுவானா? சைரூசி எங்கள் ஊர்த் தேவாலயச் சபையின் காரியதரிசி, லெப்பானியின் அத்தை மகன். எங்கள் ஊரில் மச்சானும் மச்சானும் கேலி செய்துகொள்ளாவிட்டால்தான் அது சண்டை என்று அர்த்தம்.

"என்ன மச்சான், தினமும் சவரம்? பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"முகமூடி முடிமேல ஒக்காராதுடா. நூல் அளவு சந்து போதும், புகை உள்ள வந்துரும். உனக்கு எங்க புரியப்போவுது? உனக்கு முடியும் கொட்டிப்போச்சு, உள்ள இருந்ததும் கொட்டிப்போச்சு."

"பேசாம தேங்காய்ப்பால் ஒரு சொம்பு குடிச்சிட்டு வேலையப் பாருய்யா. எங்கப்பா அப்படித்தான் பாத்தாரு."

"தேங்காய்ப்பாலை மீன்ல ஊத்து. பால் வயித்துக்குப் போவுது, புகை நெஞ்சுக்குப் போவுது. ரெண்டுக்கும் ரோடு வேற."

இந்த ஜாக்கிரதை எல்லாம் பிறவியிலேயே வந்ததில்லை. வந்த கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நல்ல பங்கு என்று சொல்ல ஆசைதான். பாதி நல்லது, பாதி வெட்கக்கேடு.

ஏழு வருடத்துக்கு முன்னால் கெலேராவுக்குக் குடல்வால் வெடித்தது. அவளைத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டு டவுனுக்கு ஓடியது நானும் அவளுடைய தம்பியும். லெப்பானி? அவர் பக்கத்துக் கிராமத்தில் யங்கோனாத் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார். எங்கள் தீவில் யங்கோனா என்ற அந்த மயக்கும் வேரை இடித்துத் தண்ணீரில் பிழிந்து குடிப்பது குற்றம் இல்லை, பாதிரியாரே குடிப்பார். ஆனால் லெப்பானி சாயங்காலம் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். ஆள் அனுப்பினோம். நாக்கு மரத்து, கண் சொக்கி, "வர்றேன், வர்றேன்" என்று சொன்னாராம். வரவில்லை. கெலேரா பிழைத்தாள். பிழைத்து வந்து மூன்று வாரம் அவரோடு பேசவில்லை.

ஈஸ்டர் ஞாயிறன்று சபை நடுவில் எழுந்து நின்றார். "இனிமே என் கை அந்தக் கிண்ணத்தைத் தொடாது. இதைக் கடவுள் முன்னால சொல்றேன். அதைவிட முக்கியமா கெலேரா முன்னால சொல்றேன்" என்றார். கடவுளைவிட மனைவி முக்கியமா என்று சைரூசி பின்வரிசையிலிருந்து கேட்க, சபையே சிரித்தது. ஆனால் கெலேரா அழுதுவிட்டாள். நன்றாகப் பேசத் தெரிந்த மனிதர் என்பதால் அடுத்த மாதமே பிரசங்கம் செய்கிறவர்களின் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தார்கள்.

அதே சமயத்தில்தான் அவருக்கு வேலை குவிந்தது. புயலில் விழுந்த பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி மேடை, வேலி, கதவு என்று எல்லாம் ஜி.ஐ. பைப். மழைக்காக நான்கு பக்கமும் தகரம் அடைத்த பட்டறைக்குள் உட்கார்ந்து காலை முதல் மாலை வரை ஒட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. திங்கட்கிழமை மறுபடி தொடங்குவார். திங்கட்கிழமை மாலை அவருக்குக் குளிர் எடுக்கும். பல் அடித்துக்கொள்ளும், தசையெல்லாம் வலிக்கும், வாந்தி வரும். செவ்வாய்க்கிழமை காலை என்னிடம் வரும்போது காய்ச்சல் இறங்கியிருக்கும். வெப்பமானியில் ஒன்றும் காட்டாது. கண் மட்டும் சிவந்து, ஆள் துவண்டு போயிருப்பார்.

நான் என்ன நினைத்திருப்பேன்? இந்த ஊரில் வாரத் தொடக்கத்தில் கண் சிவந்து வருகிற ஆண்பிள்ளையிடம் நான் கேள்வியே கேட்பதில்லை. சனி, ஞாயிறு முழுக்கத் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்ததன் பலன் என்று எழுதிவிடுவேன். அவருக்கும் அப்படியே எழுதினேன். "சத்தியமாத் தொடல சிஸ்டர்" என்பார். "சரிண்ணே, சரிண்ணே. தண்ணி நிறைய குடிங்க. அந்தக் கருமத்தைக் குறைச்சுக்கங்க" என்பேன். வாய் ஒருமாதிரி தித்திக்கிறது, காசைச் சப்பினமாதிரி இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார். அதையாவது காதில் போட்டுக்கொண்டேனா? இல்லை. எனக்கு முன்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள், அவர் கேஸ் எனக்குத் தெரிந்த கேஸ்.

எங்கள் ஊரில் நர்ஸ் வாயிலிருந்து வருவது கோவில் மணி மாதிரி, எல்லா வீட்டுக்கும் கேட்கும். ஞாயிறு காலை பிரசங்கம், ஞாயிறு மாலை திருட்டுக் குடி, திங்கள் நடுக்கம் என்று கதை கட்டிவிட்டார்கள். "காய்ச்சல்காரா" என்று சைரூசி கூப்பிட ஆரம்பித்தான். முதலில் அது கேலி. பிறகு ஒரு நாள் பட்டியலில் லெப்பானியின் பெயருக்கு மேல் கோடு விழுந்தது. கோடு போட்டவன் சைரூசி. அன்றிலிருந்து அவன் கேலி செய்வதை நிறுத்திவிட்டான். மச்சான் கேலியை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

கெலேரா தன் பாயை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அந்த வருடம் தீபாவளி திங்கட்கிழமை வந்தது. நாடு முழுக்க விடுமுறை. லெப்பானி என் வீட்டுக்கு வந்து, பருப்பு போளியை எண்ணாமல் தின்றுவிட்டு, சாயங்காலம் வாணவேடிக்கை பார்த்துவிட்டு, சொஸ்தமாக வீட்டுக்கு நடந்து போனார். நடுக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை என்பதுதான் வேடிக்கை.

மறுநாள் செவ்வாய், என் சுகாதார நிலையத்துக் கைப்பிடி வேலை. காலை எட்டு மணிக்கு வந்தார். ஒன்பதுக்கு மழை பிடித்துக்கொண்டது. "பின்னால ஸ்டோர் ரூம்ல வச்சு ஒட்டுங்கண்ணே" என்று சொன்னவள் நான்தான். ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. நான் உள்ளே போய் எட்டிப் பார்த்தபோது வெள்ளைப் புகை மண்டியிருந்தது. அவர் தலையிலும் தோளிலும் பஞ்சு பஞ்சாக ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. "என்னண்ணே, ஒரே நாள்ல நரைச்சுட்டீங்க" என்று சிரித்தேன். மத்தியானம் என் கையால் மரவள்ளிக்கிழங்கும் டின் மீனும் போட்டேன். மழை விடவில்லை, அவரும் அந்த அறையை விட்டு வரவில்லை.

நாலரை மணிக்கு நான் கதவைப் பூட்ட வந்தபோது, பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தார். பல் தடதடவென்று அடித்துக்கொண்டது. வெப்பமானியை வைத்தேன். முப்பத்தொன்பதைத் தாண்டிப் போனது. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் காய்ச்சலை என் கண்ணால் பார்த்தேன்.

"சிஸ்டர், நான் தொடல" என்றார். இவ்வளவு நடுக்கத்திலும் அவர் சொன்னது அதைத்தான். மருந்து கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை.

எப்படித் தொட்டிருப்பார்? காலையிலிருந்து என் கண் முன்னால்தானே இருந்தார்? திங்கட்கிழமை வராத காய்ச்சல் செவ்வாய்க்கிழமை வருகிறது என்றால், தீபாவளிக்கு யங்கோனாவும் லீவு போட்டதா என்ன?

லம்பாசா டவுனில் இருக்கிற பெரிய டாக்டருக்குப் போன் போட்டேன். முதலில் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டார். அது இல்லை என்றதும் நான் பாதி சொல்வதற்குள், "என்ன வேலை செய்றாரு?" என்றார். சொன்னேன். "ஜி.ஐ. பைப்பா? மூடின ரூம்லயா? நல்லா இருக்கும்மா நீங்க பண்றது! அது ஜிங்க் புகை. சுட்டா வெள்ளையா வரும், உள்ள போனா சாயங்காலம் காய்ச்சலடிக்கும், மறுநாள் இறங்கிடும். வெல்டர்கள் கிட்ட கேளுங்க, திங்கட்கிழமைக் காய்ச்சல்னு பேரே வச்சிருக்காங்க. வாரம் முழுக்கப் புகை குடிச்சா உடம்பு மரத்துப்போகும். ஒரு நாள், ரெண்டு நாள் ஓய்வு விட்டா அந்த மரப்பு போயிடும், முதல் நாள் மறுபடி அடிக்கும். மறுநாள் சரியாயிடுதேன்னு விட்றாதீங்க. நெஞ்சு கெட்டுப்போகும்." போனை வைத்தேன்.

பழைய பதிவேட்டை எடுத்து அவர் முன்னாலேயே பிரித்தேன். பதினோரு செவ்வாய்க்கிழமை. பதினோரு தடவையும் என் கையெழுத்தில் அதே வரி: யங்கோனா, அறிவுரை கூறப்பட்டது. அவர் அதைப் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"எழுத்து அழகா இருக்கு சிஸ்டர்."

"திட்டுங்கண்ணே. ரெண்டு வார்த்தை நல்லா திட்டிடுங்க."

"எதுக்கு?" என்றார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சொன்னார்: "அப்ப நான் பொய் சொல்லல, இல்ல? எனக்கே சந்தேகமாப் போச்சு சிஸ்டர். பழசு ரத்தத்துல தங்கி, திங்கக்கிழமை திங்கக்கிழமை வெளிய வருதோன்னு நெனச்சேன். போன வாரம் சைரூசி கொட்டகை வாசல் வரைக்கும் போயிட்டேன். பழி வந்தாச்சு, குடிச்சாவது தொலைப்போம்னு. உள்ள கிண்ணம் மொண்டுக்கிட்டு இருந்தாங்க. எப்படித் திரும்பி வந்தேன்னு தெரியல. நீங்க இன்னும் ஒரு வாரம் கழிச்சுப் பாத்திருந்தா..." அவர் முடிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். நான் அழுதேன். நர்ஸ் அழக்கூடாது என்று யார் சொன்னது?

மறுநாள் விடிந்ததும் கெலேரா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். எல்லாவற்றையும், என் பதிவேட்டையும் சேர்த்துச் சொன்னேன். கத்தி நின்றுவிட்டது.

"அப்ப ஒவ்வொரு தடவையும் அவரு உண்மையைத்தான் சொன்னாரா?"

"ஆமா கெலேரா."

"குளிருதுடின்னு அந்த ரூம்லேருந்து கூப்பிடுவாரு சிஸ்டர். நான் போர்வை கூடக் கொடுக்கல. கெடந்து நடுங்கட்டும்னு திரும்பிப் படுத்துக்குவேன்." கிழங்கை எடுத்துச் சீவ ஆரம்பித்தாள். தோல் போய், சதை போய், கையில் ஒன்றும் மிஞ்சாத வரை சீவிக்கொண்டே இருந்தாள்.

பட்டறையின் இரண்டு சுவர்கள் அந்த வாரம்தான் போயின. முகமூடியை டாக்டரே டவுனிலிருந்து படகில் கொடுத்தனுப்பினார். தாடி போனது. அடுத்த திங்கட்கிழமை மாலை நாங்கள் நாலைந்து பேர் ஏதோ வேலை இருப்பதுபோல அவர் பட்டறைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தோம். ஐந்து மணி ஆயிற்று, ஆறு ஆயிற்று. அவர் பெயின்ட் டின்னைக் கலக்கிக்கொண்டே, "என்ன, எல்லாரும் என் சாவுக்கு வந்திருக்கீங்களா?" என்றார். கையில் நடுக்கம் இல்லை.

நான் ஞாயிறன்று சபையில் எழுந்து நின்று, என் வாயால் கெட்ட பெயரை என் வாயாலேயே துடைத்தேன். ஆனால் எங்கள் ஊரில் வாய் வார்த்தை போதாது. ஒரு மனிதனின் பெயரைக் கெடுத்தால், கெடுத்தவர்கள் திரண்டு அவன் வீட்டுக்குப் போய், முறைப்படி மன்னிப்பு வைக்க வேண்டும். அதற்கு அடுத்த சனிக்கிழமை மத்தியானம் போனோம். சைரூசி முன்னால், கையில் மன்னிப்புக் காணிக்கையான திமிங்கிலப் பல். பின்னால் சபைப் பெரியவர்கள் ஆறு பேர். நானும் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்தேன். வேறு எங்கே உட்காருவது?

சைரூசி தலையைத் தூக்காமல் பேசினான். "மச்சான், எங்க வாய் தப்புப் பண்ணிடுச்சு. கேக்காம கோடு போட்டேன். என் கை தப்புப் பண்ணிடுச்சு. உன் வாசல்ல வந்து ஒக்காந்திருக்கோம். எங்களத் தூக்கி விடு." அன்றைக்கு அவன் வாயில் ஒரு கேலி இல்லை. லெப்பானி பல்லை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

முறை தொடர்ந்தது. மரத்தொட்டியில் தண்ணீர் ஊற்றினார்கள். வேர்த்தூளைத் துணியில் கட்டிப் பிழிந்தார்கள். ஈரமண் வாசனை கிளம்பியது. சிரட்டைக் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி, ஓர் ஆள் குனிந்து கொண்டுபோய் லெப்பானி முன்னால் மண்டியிட்டான். முதல் கிண்ணம் மன்னிக்கிறவருக்கு. அதை ஒரே மூச்சில் காலி செய்ய வேண்டும். காலியானதும் எல்லோரும் மூன்று முறை கை தட்டினால், பகை முடிந்தது.

லெப்பானி கையை நீட்டினார். நீட்டின கை பாதியில் நின்றது.

அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. ஐயோ கடவுளே, யங்கோனா குடித்தாய் என்று பொய்யாகப் பழி சொன்னதற்கு, யங்கோனாவையே கொண்டுவந்து மன்னிப்புக் கேட்கிறோம்! ஒருத்தருக்காவது இது தோன்ற வேண்டாமா? பாட்டன் காலத்திலிருந்து மன்னிப்புக்கு எங்களுக்கு இருப்பது இந்த ஒரே வழி. அதனால் யாரும் யோசிக்கவே இல்லை. அவர் குடித்தால் ஏழு மாதமாகக் கட்டிக் காத்த வார்த்தை போச்சு. மறுத்தால் மன்னிப்புச் செல்லாது, பெயர் திரும்பாது. சைரூசியின் முகம் வெளுத்துவிட்டது. "மச்சான்..." என்றான்.

லெப்பானி கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு கதவோரம் பெண்களோடு உட்கார்ந்திருந்த கெலேராவைப் பார்த்தார்.

கெலேரா எழுந்தாள். உட்கார்ந்திருக்கிற ஆண்களுக்கு நடுவே முதுகை வளைத்து, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து, புருஷன் பக்கத்தில் அமர்ந்தாள்.

"கெலேரா, இது அவனுக்குக் கொடுத்தது" என்றார் பெரியவர் ஒருவர்.

"அவரு குடுத்த வார்த்தை எங்கிட்டதான் இருக்கு. அதை உடைக்க நான் விடமாட்டேன். கொண்டாங்க இங்க."

நாற்பத்திரண்டு வயதில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை அவள். அந்த வாசனையே அவளுக்கு ஆகாது. இரண்டு கையாலும் வாங்கி வாயில் வைத்தாள். நடுவில் குமட்டியது, தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது. கிண்ணத்தை இறக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கவிழ்த்துக் காட்டினாள்.

கை தட்ட வேண்டியவர்கள் நாங்கள். ஒருவருக்கும் கை எழவில்லை. லெப்பானி அவள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, உள்ளங்கைகளைக் குவித்து, தலையைத் தாழ்த்தி, நிதானமாக மூன்று முறை தட்டினார்.